கர்த்தாசு முறையும் செஞ்சிக் கடற்கரையும்

கர்த்தாசு என்பது, 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்த ஆசியக் கப்பல்களுக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய கடற்பயண அனுமதிச் சீட்டு ஆகும். இச்சீட்டு இல்லாமல் சென்ற கப்பலும் அதன் சரக்கும் பறிமுதல் செய்யப்பட்டன. பின்னாளில் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், டேனியர் ஆகியோரும் இதையொத்த சீட்டுகளை வழங்கினர்.

வணிகத்தைக் கட்டுப்படுத்தவும் வரி திரட்டவும் தோன்றிய இம்முறை, காலப்போக்கில் இன்னொரு பயனையும் பெற்றது. அயல்நாட்டு மண்ணில் இருந்த ஐரோப்பியரின் பண்டகசாலைகளையும் கோட்டைகளையும் உள்நாட்டு அரசுகள் கைப்பற்றாமல் காக்கும் கருவியாக அது பயன்படுத்தப்பட்டது. நிலத்தில் சொத்துப் பறிக்கப்பட்டால் கடலில் கப்பல் மறிக்கப்படும் என்பதே இதன் அடிப்படையாகும். செஞ்சியில் இருந்து ஆண்ட நாயக்கர், மராத்தியர், முகலாயக் கோட்டைத் தலைவர்கள் ஆகியோரின் ஆட்சிக்கு உட்பட்ட கடற்கரையின் வரலாற்றில், இந்த அச்சுறுத்தலின் வலிமையையும் அதன் எல்லைகளையும் ஒருங்கே காண முடிகின்றது.

சொற்பிறப்பு

கர்த்தாசு என்னும் போர்த்துக்கேயச் சொல், தாள் என்னும் பொருள் கொண்ட கிர்தாசு என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் அரபு மொழி பெற்றிருந்த செல்வாக்கை இச்சொல் காட்டுகின்றது.

தோற்றமும் உள்ளடக்கமும்

போர்த்துக்கேயர் வருவதற்கு முன்னர் துறைமுகங்களில் சுங்கம் தண்டப்பட்டது. ஆயினும் திறந்த கடலில் செல்வதற்கு எந்த அரசின் அனுமதியையும் வணிகர்கள் பெறவேண்டியிருக்கவில்லை. 1498 இல் வாசுகோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த சில ஆண்டுகளிலேயே போர்த்துக்கேயர் கடல் மீது உரிமை கோரினர். 1502 அளவில் இருந்து அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன.

பொதுவாக ஒரு கர்த்தாசில் பின்வரும் செய்திகள் இடம்பெற்றன:

* கப்பலின் பெயரும் கொள்ளளவும்
* நகுதா எனப்பட்ட கப்பல் தலைவரின் பெயர்
* கப்பலில் இருந்தோரின் எண்ணிக்கையும் ஆயுதங்களின் விவரமும்
* புறப்படும் துறைமுகமும் சேரும் துறைமுகமும்
* ஏற்றக்கூடாத பொருட்கள்

மிளகு முதலிய நறுமணப் பொருட்கள் சிலவும் போர்க்கருவிகளும் தடை செய்யப்பட்டிருந்தன. போர்த்துக்கேயரின் பகைவர்களான துருக்கியரை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி இல்லை. சீட்டுக்கான கட்டணம் சிறிதளவே ஆகும். ஆனால் போர்த்துக்கேயரின் துறைமுகம் ஒன்றைத் தொட்டு அங்கே சுங்கம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையே வணிகர்களுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது.

மேற்குக் கரையில் கோவா, டையூ போன்ற கோட்டைகளின் துணையுடன் இம்முறை இறுக்கமாகச் செயற்பட்டது. சோழமண்டலக் கடற்கரையில் போர்த்துக்கேயரின் பிடி தளர்ந்தே இருந்தது. இங்கு நாகப்பட்டினமும் சாந்தோமும் அவர்களின் முதன்மைக் குடியிருப்புகளாக விளங்கின.

செஞ்சி நாட்டின் கடற்கரை

செஞ்சிக் கோட்டை இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், கடலில் இருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்நாட்டில் அமைந்துள்ளது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைக்கும் மதில்களைக் கொண்டது. விசயநகரப் பேரரசின் கீழ் இருந்த செஞ்சி நாயக்கர்களின் தலைநகராக இது விளங்கியது. 1597 அளவில் இங்கு வந்த இயேசு சபைக் குரு நிக்கோலாசு பிமெந்தா, தான் இந்தியாவில் கண்ட பெரிய நகரங்களுள் ஒன்றாகச் செஞ்சியைக் குறிப்பிட்டுள்ளார். அப்போது கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுவந்தார்.

நாயக்கரின் ஆட்சிப்பகுதி கடற்கரை வரை பரவியிருந்தது. வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையும், கடலூருக்கு அருகில் உள்ள தேவனாம்பட்டினமும் அதன் முக்கியத் துறைகள் ஆகும். உள்நாட்டுச் சிற்றூர்களில் நெய்யப்பட்ட துணிகள் இத்துறைகளின் வழியாக மலாக்கா, அச்சே, கெடா முதலிய இடங்களுக்குச் சென்றன. அங்கிருந்து நறுமணப் பொருட்களும் வெள்ளீயமும் வந்தன.

இக்கடற்கரையில் ஆழமான இயற்கைத் துறைமுகங்கள் இல்லை. பெரிய கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் இட்டன. சரக்குகள் படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன. படகோட்டிகள், நெசவாளர், உணவுப் பொருட்கள் ஆகிய மூன்றும் கரையை ஆண்டவரின் கட்டுப்பாட்டில் இருந்தன. கரைக்கு அப்பால் நின்ற கப்பல், பீரங்கி வலிமை மிகுந்தவரின் கட்டுப்பாட்டில் இருந்தது. எனவே நிலத்தை ஆண்டவரும் கடலை ஆண்டவரும் ஒருவர் உடைமையை மற்றவர் பிணையாகப் பிடித்து வைத்திருந்த நிலை உருவானது.

செயற்பாட்டு முறை

ஐரோப்பியக் கும்பனிகளின் சொத்துகள் நான்கு வகையில் இன்னலுக்கு உள்ளாயின. ஆட்சியாளர் பண்டகசாலையைப் பூட்டி முத்திரை வைக்கலாம், சரக்கைப் பறிக்கலாம், அலுவலர்களைச் சிறைப்பிடிக்கலாம், உணவும் நெசவுத் துணியும் வந்துசேரும் வழிகளை அடைக்கலாம். இவற்றுக்கு எதிராகக் கும்பனிகள் கையாண்ட கடல்வழி நடவடிக்கைகள் பின்வருமாறு:

# குறிப்பிட்ட துறைமுகத்தின் கப்பல்களுக்குச் சீட்டு வழங்க மறுத்தல்.
# அத்துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல்களை வழிமறித்தல்.
# ஆட்சியாளருக்கோ அவருடைய அலுவலர்களுக்கோ சொந்தமான கப்பலைப் பிடித்து, இழப்பீடு கிடைக்கும் வரை வைத்திருத்தல்.

மூன்றாவது நடவடிக்கை, கடல் வணிகத்தில் தாமே முதலீடு செய்திருந்த ஆட்சியாளர்களிடம் மிகுந்த பயனளித்தது. வருவாயின் பெரும்பகுதியை நிலவரியாகப் பெற்ற ஆட்சியாளர்களிடம் அதன் தாக்கம் குறைவாகவே இருந்தது.

செஞ்சிக் கடற்கரையில் நிகழ்ந்தவை

ஒல்லாந்தரும் தேவனாம்பட்டினமும் (1608-1613)

1608 இல் ஒல்லாந்தர் தேவனாம்பட்டினத்தில் நிலைகொள்வதற்குச் செஞ்சி நாயக்கரிடம் இருந்து அனுமதி பெற்றனர். தமது ஏகபோகத்துக்கு இடர் வருவதைக் கண்ட போர்த்துக்கேயர், நாயக்கரின் மேலரசரான இரண்டாம் வேங்கடவரிடம் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதனால் ஒல்லாந்தர் அங்கு வலுவான கோட்டையுடன் நிலைபெற முடியவில்லை. 1610 இல் அவர்கள் பழவேற்காட்டில் இடம் பெற்றனர். 1612 இல் சாந்தோமில் இருந்து வந்த போர்த்துக்கேயர் அந்தப் பண்டகசாலையைத் தாக்கிக் கைப்பற்றினர். இதன் பின்னரே 1613 இல் கெல்திரியா கோட்டை எழுந்தது. உள்நாட்டு அரசர் வழங்கிய அனுமதி மட்டும் ஒரு சொத்தைக் காப்பாற்றாது என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

ஆங்கிலேயர் வாங்கிய கோட்டை (1690)

செஞ்சி 1649 அளவில் பீசப்பூர் சுல்தானகத்தின் வசமானது. 1677 இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம், முகலாயப் படைகளிடம் இருந்து தப்பிச் செஞ்சியைத் தன் தலைநகராக்கிக் கொண்டார். 1690 இல் தொடங்கிய முகலாயரின் முற்றுகை 1698 வரை நீடித்தது.

அதே காலத்தில் ஆங்கிலேயருக்கும் ஔரங்கசீப்புக்கும் இடையே மோதல் நிகழ்ந்தது. சூரத்து, மசூலிப்பட்டினம், விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் இருந்த ஆங்கிலேயப் பண்டகசாலைகள் முகலாய அலுவலர்களால் கைப்பற்றப்பட்டன. இந்நிலையில் சென்னைக்குத் தெற்கே, முகலாயரின் கைக்கு எட்டாத ஒரு கோட்டை ஆங்கிலேயருக்குத் தேவைப்பட்டது. நீண்ட போரில் இருந்த ராஜாராமுக்குப் பணம் தேவைப்பட்டது. 1690 இல் தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. அது புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் எலிகு யேல் ஆவார்.

கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரை உள்ள நிலமும் விற்பனையில் அடங்கியிருந்தது. இதன்படி பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டு எல்லை வரையறுக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் வந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. கடலூர்ப் பகுதியில் உள்ள குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரும் குண்டு சாலை என்னும் பெயரும் இந்நிகழ்வை நினைவூட்டுகின்றன.

புதுச்சேரியின் வீழ்ச்சி (1693)

பிரெஞ்சுக்காரர் 1670களில், பீசப்பூரின் ஆளுநரான சேர்கான் லோடியின் இசைவுடன் புதுச்சேரியில் குடியேறினர். பின்னர் மராத்தியரிடம் இருந்தும் அவர்கள் அனுமதி பெற்றனர். ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஒல்லாந்துக்கும் போர் மூண்டபோது, ஒல்லாந்தர் புதுச்சேரிக்கான உரிமையைச் செஞ்சியில் இருந்த ராஜாராமிடம் பணம் கொடுத்துப் பெற்றனர். 1693 இல் ஒல்லாந்தரின் கப்பற்படை புதுச்சேரியைக் கடல் வழியாகவும் நில வழியாகவும் முற்றுகையிட்டது. பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் சரணடைந்தார்.

பிரெஞ்சுக்காரரிடம் செஞ்சியின் அனுமதி இருந்தது. அதனைக் காக்கும் கப்பல்கள் இல்லை. 1697 இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ரிசுவிக்கு உடன்படிக்கையின் வழியாகவே அவர்கள் 1699 இல் புதுச்சேரியை மீண்டும் பெற்றனர். இந்த மீட்பு ஐரோப்பிய அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டினால் நேர்ந்தது.

சொரூப்சிங்கும் ஆங்கிலேயரும் (1710-1712)

முகலாயர் செஞ்சியைக் கைப்பற்றிய பின்னர், புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங் அதன் கோட்டைத் தலைவரானார். 1710 இல் வரிக் குத்தகை தொடர்பான நிலுவை குறித்து அவருக்கும் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயருக்கும் இடையே பிணக்கு எழுந்தது. அவருடைய ஆட்கள் ஆங்கிலேய அலுவலர் இருவரைப் பிடித்துச் செஞ்சியில் சிறைவைத்தனர். கோட்டையின் எல்லைக்குட்பட்ட கிராமங்களும் தாக்கப்பட்டன.

இது பெரும்பாலும் நிலத்தில் நிகழ்ந்த மோதல் ஆகும். கோட்டையில் இருந்து வெளியே வந்து போரிட்ட ஆங்கிலேயர் இழப்புகளைச் சந்தித்தனர். இறுதியில் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநருடைய சமரச முயற்சியுடன் 1712 இல் அமைதி ஏற்பட்டது. கடலை ஆண்டவர்களாலும் மலைக்கோட்டைக்குள் இருந்த பிணையாளிகளை எளிதில் மீட்க முடியவில்லை. சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், 1714 இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் நடந்த போரில் மாண்டார். நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் போற்றும் தேசிங்கு ராஜா இவரே ஆவார்.

பிற இடங்களில் ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

ரகீமி (1613): முகலாயப் பேரரசர் சகாங்கீரின் தாயார் மரியம் உசு சமானிக்குச் சொந்தமான ரகீமி என்னும் கப்பலைப் போர்த்துக்கேயர் சூரத்துக்கு அருகே கைப்பற்றினர். அக்கப்பலிடம் முறையான கர்த்தாசு இருந்தது. சினமுற்ற சகாங்கீர் போர்த்துக்கேயருடனான வணிகத்தை நிறுத்தினார், தமன் நகரை முற்றுகையிடச் செய்தார், தேவாலயங்களை மூடினார். 1615 இல் அமைதி ஏற்பட்டது. சீட்டு வழங்கியவரே அதனை மதிக்காதபோது முறை முழுவதும் நம்பிக்கை இழந்தது.

டேனியர் (1642-1698): தரங்கம்பாடியில் இருந்த டேனியர், வங்காளத்தில் தமது கப்பல் சரக்குகளை முகலாய அலுவலர்கள் பறித்ததாகக் கூறி இழப்பீடு கோரினர். அது கிடைக்காததால், வங்காளக் கப்பல்களை அவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வப்போது பிடித்துவந்தனர்.

மீர் சும்லா (1656-1658): கோல்கொண்டாவின் அமைச்சராக இருந்த மீர் சும்லா பெருங்கப்பல் உரிமையாளரும் ஆவார். 1656 இல் ஆங்கிலேயர் அவருடைய கப்பல் ஒன்றைக் கைப்பற்றினர். அவருடைய படைகள் 1657-58 இல் சென்னையை முற்றுகையிட்டன. 1658 இல் சென்னைக்கான ஆண்டுத் தொகை 380 வராகன் என முடிவுசெய்யப்பட்டது.

பம்பாய் (1689-1690): சர் யோசியா சைல்டு இலண்டனில் கும்பனியை வழிநடத்திய காலத்தில், பம்பாயில் இருந்த சர் சான் சைல்டு முகலாயக் கப்பல்களைப் பிடித்தார். அதற்குப் பதிலாகச் சூரத்தில் ஆங்கிலேயரின் சொத்துகள் பறிக்கப்பட்டன. சித்தி யாக்கூப்பின் படை பம்பாயை முற்றுகையிட்டது. 1690 இல் ஆங்கிலேயர் மன்னிப்புக் கோரி, 1,50,000 ரூபாய் தண்டம் செலுத்தியும், பிடித்தவற்றைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டும் அமைதி பெற்றனர்.

இந்நிகழ்வுகளில் பெரும்பாலானவற்றில், எந்தத் தரப்பும் மற்றதை முழுமையாக அடக்க முடியவில்லை. இரு தரப்பினருக்கும் வணிகம் தேவைப்பட்டதே உடன்பாடுகளுக்கு வழிவகுத்தது.

வணிகர் மீதான விளைவுகள்

கப்பலை இழந்தவர் பெரும்பாலும் சொத்தைப் பறித்த ஆட்சியாளராக இருக்கவில்லை. துறைமுகத்தை அடிப்படையாகக் கொண்டு தடை விதிக்கப்பட்டதால், பிணக்குடன் தொடர்பற்ற வணிகர்களும் மாலுமிகளும் பாதிக்கப்பட்டனர். ஒரு கப்பலில் பல சிறுவணிகரின் சரக்குகள் இருப்பது வழக்கம். எனவே ஒரு கப்பல் பிடிபட்டால் பல குடும்பங்களின் முதல் அழிந்தது. துணி ஏற்றுமதி தடைப்பட்டபோது நெசவாளரும் வேலையிழந்தனர்.

வணிகர்கள் இதற்குப் பல மாற்றுவழிகளைக் கண்டனர்:

* பரங்கிப்பேட்டை, நாகூர் முதலிய ஊர்களின் மரைக்காயர்கள், ஒரு கும்பனி சீட்டு மறுத்தபோது இன்னொரு கும்பனியின் சீட்டை நாடினர்.
* 1641 இல் ஒல்லாந்தர் மலாக்காவைக் கைப்பற்றி, கப்பல்கள் அங்கே தொட்டுச் செல்லவேண்டும் என வற்புறுத்தியபோது, பலர் கெடா, அச்சே போன்ற துறைகளுக்குத் தமது வணிகத்தைத் திருப்பினர்.
* செஞ்சிக் கடற்கரையில் செல்வாக்குப் பெற்றிருந்த அச்சுதப்ப செட்டி, சின்னண்ண செட்டி ஆகிய உடன்பிறந்தார், கும்பனிக்குத் துணி வழங்குநராகவும் நாயக்கர் அவையுடனான இடைத்தரகராகவும் செயற்பட்டு, தமது சொந்தக் கப்பல்களையும் செலுத்தினர்.

சட்ட விவாதம்

கடல் மீது ஓர் அரசு உரிமை கோரலாமா என்னும் கேள்வி ஐரோப்பாவில் பெரும் விவாதமானது. ஒல்லாந்தச் சட்ட அறிஞர் ஊகோ குரோசியசு 1609 இல் வெளியிட்ட 'மாரே லிபேரும்' (தடையற்ற கடல்) என்னும் நூலில், கடல் எவருடைய உடைமையும் அன்று என வாதிட்டார். போர்த்துக்கேயரின் உரிமைக்கோரலுக்கு எதிராக எழுந்த நூல் இதுவாகும். 1625 இல் செராபிம் டி பிரெய்தாசு இதற்கு மறுப்பு எழுதினார். குரோசியசின் வாதத்தால் பயனடைந்த ஒல்லாந்தக் கும்பனியே, ஆசியாவில் வலிமை பெற்றதும் தானும் அனுமதிச் சீட்டுகளை வற்புறுத்தியது குறிப்பிடத்தக்கது.

முறையின் முடிவு

1750 இல் தளபதி புசியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. கடற்கரையையும் உள்நாட்டையும் ஒரே அரசு ஆளத் தொடங்கியதும், கப்பலைப் பிணையாகப் பிடித்து நிலச் சொத்தைக் காக்கவேண்டிய தேவை மறைந்தது.

பிற்கால ஒப்புமைகள்

பெயரும் வடிவும் மாறினாலும், அயல்நாட்டுச் சொத்தைக் காக்கக் கப்பற் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கம் 20 ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

1951 இல் ஈரான், ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய்க் கும்பனியின் உடைமைகளை நாட்டுடைமை ஆக்கியது. அந்த எண்ணெயைத் தனது உடைமை எனக் கோரிய கும்பனி, அதனை ஏற்றும் கப்பல்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்கப்போவதாக எச்சரித்தது. 1952 இல் ரோசு மேரி என்னும் எண்ணெய்க் கப்பல் ஏடனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1953 சனவரியில், பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த ஏடனின் நீதிமன்றம் கும்பனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டில் நிசோ மாரு என்னும் சப்பானியக் கப்பல் ஏற்றிவந்த எண்ணெய் தொடர்பான வழக்கில், தோக்கியோ நீதிமன்றம் கும்பனியின் கோரிக்கையை ஏற்கவில்லை.

1960 இல் கியூபா அமெரிக்கரின் சொத்துகளை நாட்டுடைமை ஆக்கியதைத் தொடர்ந்து அமெரிக்கா வணிகத்தடை விதித்தது. 1992 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, வணிகத்துக்காகக் கியூபத் துறைமுகத்துக்குச் செல்லும் கப்பல், உரிய அனுமதி இன்றி 180 நாட்களுக்கு அமெரிக்கத் துறைமுகங்களில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என விதித்தது. 2023 இல் மெக்சிக்கோவின் கரிபியக் கரையில் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் துறைமுகம் அந்நாட்டுப் படையினரின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அடுத்த ஆண்டில், இவ்வாறு பறிக்கப்பட்ட துறைமுகங்களைப் பயன்படுத்தும் கப்பல்களுக்குத் தடை விதிக்கும் சட்ட முன்வரைவு ஒன்று அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்டது.

இக்காலத் தடைகள் சட்டங்களாலும் நீதிமன்றங்களாலும் செயற்படுகின்றன. கர்த்தாசு முறை பீரங்கியின் துணையுடன் செயற்பட்டது. எனினும், சொத்தைப் பறித்த அரசுக்கும் கப்பலைச் செலுத்தும் வணிகருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தடை கருத்தில் கொள்கின்றதா என்னும் கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

காலவரிசை

* 1502 - கர்த்தாசு முறையின் தொடக்கம்
* 1608 - தேவனாம்பட்டினத்தில் ஒல்லாந்தருக்குச் செஞ்சி நாயக்கரின் அனுமதி
* 1613 - ரகீமி கப்பல் கைப்பற்றப்படல்
* 1641 - மலாக்கா ஒல்லாந்தர் வசமாதல்
* 1677 - செஞ்சி சிவாஜியின் வசமாதல்
* 1690 - தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயருக்கு விற்கப்படல்
* 1693 - புதுச்சேரி ஒல்லாந்தர் வசமாதல்
* 1698 - செஞ்சி முகலாயர் வசமாதல்
* 1712 - சொரூப்சிங்குடன் ஆங்கிலேயரின் அமைதி உடன்பாடு
* 1761 - செஞ்சி ஆங்கிலேயர் வசமாதல்
* 2025 - இந்தியாவின் மராத்திய இராணுவ நிலத்தோற்றங்களுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை உலக பாரம்பரியக் களமாதல்

இவற்றையும் பார்க்க

* செஞ்சிக் கோட்டை
* செஞ்சி நாயக்கர்கள்
* புனித டேவிட் கோட்டை
* பரங்கிப்பேட்டை
* தேசிங்கு ராஜா